மொட்டை மாடியில் ஒரு தரை நிலையம்: வாசகர் கேள்வி–பதில்

செயற்கைக்கோள் தொடர்பைக் கற்பது பற்றியும் செயற்கைக்கோளோடு பேசும் தரை நிலையங்களுக்கு மென்பொருள் எழுதுவது பற்றியும் வந்த கடிதங்களில் ஆறினை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் தந்திருக்கிறேன்.

ஐயா, நான் மின்னணு–தொடர்பியல் மூன்றாம் ஆண்டு மாணவி. செயற்கைக்கோள் தொடர்பு பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டேன். ஆனால் ஒரு செயற்கைக்கோளின் அலையைக்கூட நேரில் பெற்றதில்லை. காணொளி ஒன்றைப் பார்த்து, கணினியில் செருகும் சிறு வானொலிப் பெறுவியான டாங்கிள் வாங்கி, நோவா-19 என்ற வானிலைச் செயற்கைக்கோளைப் பிடிக்க ஒரு மாதமாக முயல்கிறேன். இரைச்சலைத் தவிர எதுவும் வரவில்லை. எங்கே தவறு? — திருநெல்வேலி

நீங்கள் தேடும் செயற்கைக்கோள் வாய் மூடிவிட்டது. அமெரிக்காவின் நோவா-18 2025 ஜூனிலும், நோவா-15, நோவா-19 ஆகிய இரண்டும் அதே ஆண்டு ஆகஸ்டிலும் பணியிலிருந்து விலக்கப்பட்டன. விநாடிக்கு இரண்டு வரி வீதம் மேகப் படத்தை அனுப்பிக்கொண்டிருந்த அவை, உலகெங்கும் எத்தனையோ பேருக்கு இத்துறையின் அரிச்சுவடியாக இருந்தன. மூத்ததான நோவா-15 1998-இல் ஏவப்பட்டது. அவற்றைப் பிடிக்கக் கற்றுத்தரும் காணொளிகள் மட்டும் இன்னும் அப்படியே இணையத்தில் இருக்கின்றன, உங்களைப் போன்றவர்களை ஏமாற்றிக்கொண்டு.

அவை ஒலித்த அதே 137 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இப்போது தேட வேண்டியது ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வானிலைச் செயற்கைக்கோள் வரிசையை. 2024 பிப்ரவரி 29 அன்று ஏவப்பட்ட மீட்டியோர்-எம்2-4 ஐ 137.9 மெகாஹெர்ட்ஸிலும், அங்கே இல்லையென்றால் 137.1-லும் பாருங்கள். இது டிஜிட்டல் அலை என்பதால் காதில் வெறும் இரைச்சலாகவே கேட்கும். திரையில் ஓடும் நிறமாலைப் படத்தில் ஏறக்குறைய 120 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு மேடு எழுந்து, சில நிமிடங்களில் மெல்ல இடம் நகர்ந்து மறைவதைத்தான் கவனிக்க வேண்டும். ஆன்டெனாவுக்குப் பெரிய செலவு வேண்டாம். தலா 53 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு அலுமினியக் கம்பிகளை, வயரிங் கடையில் கிடைக்கும் ஸ்க்ரூ கனெக்டரில் முடுக்கி, இடையே 120 பாகை கோணம் இருக்கும்படி விரித்து, வடக்கு–தெற்காகக் கிடையாக வைத்தால் போதும். வீட்டில் கிடக்கும் 75 ஓம் டிவி கேபிளைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். 50 ஓம் கேபிள்தான் வேண்டும் என்று பலர் பயமுறுத்துவார்கள்; அந்தப் பொருத்தமின்மையால் வரும் இழப்பு 0.2 டெசிபெலுக்கும் குறைவு.

இன்னொரு வழியும் உண்டு, அது எனக்கு மிகவும் பிடித்தது. கத்தார் நாட்டின் எஸ்ஹைல்-2 என்ற புவிநிலைச் செயற்கைக்கோள் 2018 நவம்பரில் ஏவப்பட்டது. கிழக்கு நெட்டாங்கு 25.9 பாகையில் நிற்கும் அதில் அமெச்சூர் (பொழுதுபோக்கு) வானொலியினருக்கென்று தனி டிரான்ஸ்பாண்டர், அதாவது அலையைப் பெற்றுத் திருப்பி அனுப்பும் கருவி, இருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து பார்த்தால் அது மேற்கிலிருந்து சற்றே தெற்காக, ஏறக்குறைய 30 பாகை உயரத்தில் இருக்கும். அதன் நடுக் கலங்கரை அலை, அதாவது இடைவிடாமல் வரும் அடையாள அலை, 10,489.75 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. 9,750 மெகாஹெர்ட்ஸ் உள் அலையியற்றி கொண்ட எல்.என்.பி. ஒன்றை, அதாவது வரும் அலையிலிருந்து அந்த அளவைக் கழித்துத் தரும் சிறு பெட்டியை, பழைய டிடிஎச் தட்டில் பொருத்தினால் மீதி 739.75 மெகாஹெர்ட்ஸ், உங்கள் டாங்கிளின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. எல்.என்.பி.க்குத் தேவையான 13 வோல்ட் டாங்கிளுக்குள் பாய்ந்துவிடாமல் தடுக்க இடையில் ஒரு பயாஸ்-டி மட்டும் கட்டாயம் வேண்டும். பிறகு அதே கலங்கரை அலையைக் காலையில் ஒரு முறையும், வெயில் ஏறிய பின் ஒரு முறையும் பதிவு செய்து ஒப்பிடுங்கள். செயற்கைக்கோள் நகரவில்லை, ஆனால் அலை பல கிலோஹெர்ட்ஸ் தள்ளிப் போயிருக்கும். எல்.என்.பி. சூடேறினால் அதன் அலையியற்றி என்ன செய்யும் என்பதை உங்கள் பாடநூல் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

பன்னிரண்டு ஆண்டுகளாக வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறேன். ஜாவாவும் பைத்தானும் நன்றாகத் தெரியும், மின்னணுவியல் தெரியாது. தரை நிலைய மென்பொருளுக்கு மாற முடியுமா? அங்கே அப்படி என்னதான் எழுதுகிறார்கள்? — சென்னை

முடியும். வங்கியில் பணியாற்றியவர் என்பது இங்கே ஒரு கூடுதல் தகுதி என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் பதிவேடு தவறக் கூடாது என்ற பயம் உங்களுக்கு ஏற்கனவே பழகியிருக்கும்.

சுமார் 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஒரு செயற்கைக்கோள் ஏறக்குறைய 95 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியை வலம் வருகிறது. ஒரு நிலையத்தின் வானில் அது தோன்றி மறையும் அந்த நேரத்தை நாங்கள் ‘பாஸ்’ என்கிறோம். மிக நல்ல பாஸ் என்றாலும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களைத் தாண்டாது. துருவங்களை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோளுக்கு, நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நிலையத்தில் ஒரு நாளைக்கு மூன்று அல்லது நான்கு பாஸ்தான் கிடைக்கும். நார்வேயின் ஸ்வால்பார்டில், 78 பாகை வடக்கே, தரை நிலையங்கள் குவிந்திருப்பதற்கும் இதுவே காரணம்: அங்கே ஒவ்வொரு சுற்றிலும் செயற்கைக்கோள் தெரியும். ஆக, நம்மிடம் இருப்பது ஒரு நாளைக்கு அரை மணி நேரம். நொடிக்கு 9,600 பிட் வீதம் எட்டு நிமிடம் தடையின்றிப் பெற்றால் மொத்தம் 576 கிலோபைட். வங்கியில் ஒரு பரிவர்த்தனை தோற்றால் மீண்டும் முயலலாம். இங்கே பாஸ் முடிந்தால் முடிந்ததுதான்.

மென்பொருளின் வேலை அந்தப் பாஸுக்கு முன்பே தொடங்குகிறது. சுற்றுப்பாதை விவரம் டி.எல்.இ. என்ற இரண்டு வரிகளில் கிடைக்கிறது. ஒவ்வொரு வரியும் 69 எழுத்துகள், துளை அட்டைக் காலத்து மரபு. இடத்தை மிச்சப்படுத்த அதில் தசமப் புள்ளிகளைக்கூட விழுங்கியிருக்கிறார்கள். இரண்டாம் வரியின் 27 முதல் 33 வரையான இடங்களில் 0006703 என்று இருந்தால், பாதையின் மையப்பிறழ்ச்சி 0.0006703, அதாவது ஏறக்குறைய முழு வட்டம், என்று பொருள். புதிதாக எழுதுபவர் அதை முழு எண்ணாகப் படித்துவிட்டு, செயற்கைக்கோள் பூமிக்குள் புகுந்துவிட்டதாகக் காட்டும் நிரலோடு ஓர் இரவு முழுவதும் போராடுவார். இந்த வரிகளை எஸ்.ஜி.பி.4 என்ற கணக்கீட்டு முறைக்குக் கொடுத்தால் இடமும் திசைவேகமும் கிடைக்கும். அதற்குப் பைத்தானில் தரமான நூலகங்கள் இருக்கின்றன; நீங்களே எழுத வேண்டியதில்லை. ஆனால் அது தரும் இடம் விண்மீன்களைச் சார்ந்த ஓர் அச்சுச் சட்டகத்தில் இருக்கிறது, சுழலும் பூமியின் சட்டகத்தில் இல்லை. இந்த மாற்றத்தைச் செய்ய நேரம் சரியாகத் தெரிய வேண்டும்.

நேரம் என்று சொல்லும்போது நான் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுகிறேன்: நிரலுக்குள் எங்குமே இந்திய நேரம் இருக்கக் கூடாது, எல்லாம் உலகப் பொது நேரத்தில்தான் இருக்க வேண்டும், திரையில் காட்டும் கடைசி வரியில் மட்டும் ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளலாம். அந்த ஐந்தரை மணியில் பூமி 82.5 பாகை சுழன்றிருக்கும். செயற்கைக்கோள் மூன்றரைச் சுற்று முடித்திருக்கும். இது பெரிய பிழை என்பதால் உடனே கண்ணில் படும். கடிகாரம் ஒரு நொடி பிசகுவதுதான் ஆபத்து. ஒரு நொடியில் செயற்கைக்கோள் ஏழரை கிலோமீட்டர் ஓடுகிறது. தலைக்கு நேரே 500 கிலோமீட்டரில் அது ஏறக்குறைய ஒரு பாகை. அகன்ற பார்வை கொண்ட யாகி ஆன்டெனாவுக்கு அது பொருட்டில்லை. பல மீட்டர் அகலமுள்ள தட்டுக்கு, உயர் அதிர்வெண் கொண்ட எக்ஸ் அலைப்பட்டையில், அதுவே பாஸை விழுங்கிவிடும்.

அடுத்தது ஆன்டெனாவைத் திருப்புவது. என் முதல் நிரல் எப்படித் தோற்றது என்பதைச் சொல்கிறேன். செயற்கைக்கோள் தென்மேற்கில் எழுந்து, வடமேற்கு வழியாக வடக்கைக் கடந்து வடகிழக்கில் மறையும் ஒரு பாஸ். திசைக்கோணம் 357, 358, 359 என்று வந்து, அடுத்து 1 ஆனது. என் நிரல் அப்பாவியாக ‘1 பாகைக்குப் போ’ என்றது. ஆன்டெனாவைத் திருப்பும் மோட்டாரான ரோட்டேட்டரும் சொன்ன பேச்சைத் தட்டாமல், இரண்டு பாகை முன்னே போவதற்குப் பதிலாக மேற்கு, தெற்கு, கிழக்கு என்று 358 பாகை பின்னோக்கிச் சுற்றத் தொடங்கியது. ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும் இயந்திரம் அது. மாடியில் நின்றுகொண்டு, ஆன்டெனா செயற்கைக்கோளுக்கு முதுகைக் காட்டி நிதானமாகத் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல ரோட்டேட்டர்கள் 450 பாகை வரை சுழல வடிவமைக்கப்பட்டிருப்பது இதற்காகத்தான். பாஸ் தொடங்கும் முன்பே முழுப் பாதையையும் கணக்கிட்டு, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினால் நடுவில் சுழற்சி எல்லையில் முட்டாது என்று தீர்மானிக்க வேண்டும். நொடிக்கு நொடி மட்டும் யோசிக்கும் நிரலால் இது ஆகாது.

நீங்கள் ரோட்டேட்டர் வாங்காமலே இதைப் பயிலலாம். ஹாம்லிப் என்ற கட்டற்ற மென்பொருள், ரோட்டேட்டரை 4533 என்ற போர்ட் வழியாகவும் வானொலிப் பெட்டியை 4532 வழியாகவும் கட்டுப்படுத்தும் எளிய உரைக் கட்டளைகளைத் தருகிறது. அதே போர்ட்டில் காதை வைத்துக்கொண்டு, கட்டளைக்கு ஏற்ப நொடிக்கு ஆறு பாகை மட்டுமே நகர்வதாக நடிக்கும் ஒரு போலி ரோட்டேட்டரை எழுதுங்கள். செயற்கைக்கோளின் பாதையைக் கணித்துப் பின்தொடரும் ஜிபிரடிக்ட் மென்பொருளை அதனோடு இணைத்து, மேலே சொன்ன வடக்குப் பாஸை ஓட்டிப் பாருங்கள். இரண்டு வார இறுதிகளில் முடியும்.

ஒன்றை மட்டும் வங்கிப் பழக்கத்திலிருந்து மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கே தவறான தரவு வந்தால் செயலை நிறுத்துவீர்கள். இங்கே பகுப்பாய்வில் என்ன கோளாறு நேர்ந்தாலும் பதிவு நிற்கக் கூடாது. மூல அலையை வட்டில் எழுதும் செயல்முறை தனியாக, வேறு எதையும் நம்பாமல் ஓட வேண்டும். மற்றவை விழுந்தால் விழட்டும், விடிந்த பிறகு பதிவிலிருந்து மீட்டுக்கொள்ளலாம். தலா இரண்டு 8 பிட் எண்கள் கொண்ட மாதிரிகளை நொடிக்கு 24 லட்சம் வீதம் எடுக்கும் சாதாரண டாங்கிள், பத்து நிமிடத்தில் 2.88 ஜிகாபைட் எழுதும். வட்டு நிரம்பிவிட்டதா என்று பாஸுக்கு முன்பே பார்க்கும் நான்கு வரி நிரல்தான் நான் எழுதியவற்றிலேயே அதிகம் பயன்பட்டது என்பது என் எண்ணம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கு ‘லிங்க் பட்ஜெட்’, அதாவது அலையின் வலிமை வழியில் எவ்வளவு கூடிக் குறைகிறது என்ற கணக்கு, நடத்துகிறேன். டெசிபெல் என்றாலே அவர்கள் முகம் வாடிவிடுகிறது. வகுப்பில் போட்டுக் காட்ட ஒரு கணக்கு தர முடியுமா? — கோவை

வீட்டு வரவு–செலவு என்று சொல்லித் தொடங்குங்கள். டெசிபெலின் அழகே பெருக்கலெல்லாம் கூட்டல் கழித்தலாகிவிடுவதுதான்.

437 மெகாஹெர்ட்ஸில் அரை வாட் அனுப்பும் ஒரு கல்லூரிச் செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிவாட்டை அடிப்படையாகக் கொண்டால் அரை வாட் 27 டெசிபெல். அதன் ஆன்டெனாவுக்குப் பெருக்கம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அது 500 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது, ஆனால் அடிவானத்துக்கு 6 பாகை மேலே தெரியும்போது நமக்கும் அதற்கும் இடையில் 2,000 கிலோமீட்டர். வெற்றிடப் பாதை இழப்பு என்பது தொலைவின் மடக்கையை இருபதால் பெருக்கியது, மெகாஹெர்ட்ஸில் அதிர்வெண்ணின் மடக்கையை இருபதால் பெருக்கியது, இவற்றோடு 32.44 சேர்த்தது: 66.0, 52.8, 32.4, ஆக 151.3 டெசிபெல் செலவு. நம் யாகி ஆன்டெனா 12 டெசிபெல் வரவு. கேபிள், திசைப் பிசகு, முனைவாக்கப் பொருத்தமின்மை எல்லாம் சேர்த்து 6 செலவு என்று கொள்வோம். கையில் மிஞ்சுவது மைனஸ் 118.3.

இது மிகச் சிறிய எண்தான், ஆனால் ஒப்பிட வேண்டியது இரைச்சலோடு. முழு அமைப்பின் இரைச்சல் வெப்பநிலை 600 கெல்வின் என்றால், ஒரு ஹெர்ட்ஸுக்கு இரைச்சல் மைனஸ் 170.8. இரண்டுக்கும் இடைவெளி 52.5. நொடிக்கு 9,600 பிட் என்பதற்கு 39.8 ஐக் கழித்தால் ஒரு பிட்டுக்கு மிஞ்சுவது 12.7 டெசிபெல். பிழைதிருத்தக் குறியீடு இல்லாத எளிய அதிர்வெண் பெயர்ச்சி முறையில், லட்சம் பிட்டுக்கு ஒரு பிழை என்ற அளவை எட்ட ஏறக்குறைய 13.4 வேண்டும். முக்கால் டெசிபெல் பற்றாக்குறை!

இங்கே வகுப்பை நிறுத்தி, ‘அப்படியானால் இந்தச் செயற்கைக்கோள் பயனற்றதா?’ என்று கேளுங்கள். யாராவது ஒருவர், அது தலைக்கு மேல் வரும்போது தொலைவு 500 கிலோமீட்டர்தானே என்பார். தொலைவு நான்கில் ஒரு பங்கானால் 12 டெசிபெல் வரவு, அப்போது 24.7. பாஸின் முதல் நிமிடத்தில் தரவுப் பொட்டலங்கள் உடைந்து வருவதும் நடுவில் சுத்தமாக வருவதும் ஏன் என்பது அந்த ஒரே கழித்தலில் விளங்கிவிடும். குறைந்த இரைச்சல் பெருக்கியைக் கணினிக்குப் பக்கத்தில் வைக்காமல் ஆன்டெனாவின் காலடியிலேயே ஏன் வைக்கிறோம் என்பதையும் இதே கணக்கில் காட்டலாம்: கேபிள் தின்ற பிறகு பெருக்கினால், இரைச்சலும் சேர்ந்தே பெருகும்.

இலங்கையின் சிறு செயற்கைக்கோளான இராவணா-1 ஏவப்பட்ட 2019-இல் நான் பாடசாலை மாணவன். இப்போது கணினி விஞ்ஞானம் படிக்கிறேன். 437 மெகாஹெர்ட்ஸில் 9,600 வேகத்தில் அனுப்பும் ஒரு சிறு செயற்கைக்கோளின் அலை திரையில் தெளிவாகத் தெரிகிறது, பதிவும் செய்துவிட்டேன். ஆனால் நானே எழுதிய நிரலில் அதிலிருந்து ஒரு பொட்டலம்கூடக் கிடைக்கவில்லை. — யாழ்ப்பாணம்

பதிவு செய்துவிட்டீர்கள் என்பதே பாதி வெற்றி; இனி செயற்கைக்கோளுக்காகக் காத்திருக்க வேண்டாம். முதலில் அந்தக் கோப்பை டேனியல் எஸ்தேவேஸ் எழுதிய, அலையிலிருந்து பொட்டலங்களைப் பிரித்தெடுக்கும் ஜிஆர்-சாட்டிலைட்ஸ் மென்பொருளுக்குக் கொடுத்துப் பாருங்கள். அதற்கும் பொட்டலம் கிடைக்கவில்லை என்றால் குறை அலையில். கிடைத்தால் குறை உங்கள் நிரலில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் மாதக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

குறை நிரலில்தான் என்று வைத்துக்கொண்டு, வழக்கமாகக் கால் இடறும் இடங்களைச் சொல்கிறேன். முதலாவது டாப்ளர், அதாவது செயற்கைக்கோளின் ஓட்டத்தால் அலையின் அதிர்வெண் மாறுவது. 437 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் எழும்போது அலை ஏறக்குறைய 10 கிலோஹெர்ட்ஸ் மேலேயும், மறையும்போது அதே அளவு கீழேயும் இருக்கும். நேர் மேலே கடக்கையில் நொடிக்கு 150 ஹெர்ட்ஸ் வேகத்தில் சரியும். நீங்கள் திருத்தத்தைப் பத்து நொடிக்கு ஒரு முறை செய்தால், ஒவ்வொரு முறையும் அலை 1,500 ஹெர்ட்ஸ் துள்ளும். துள்ளும் கணத்தில் வந்த பொட்டலம் போய்விடும். பதிவின் மீது, மாதிரிக்கு மாதிரி தொடர்ச்சியாகத் திருத்துங்கள்.

பிறகு பிட்டுகள். 9,600 வேகத்தில் அமெச்சூர் செயற்கைக்கோள்கள் பரவலாகப் பயன்படுத்தும் முறையில், அனுப்புமுன் பிட்டுகளைக் கலைத்துவிடுகிறார்கள். நீண்ட பூச்சியங்கள் வந்தால் பெறும் பக்கம் தாளத்தைத் தவறவிடும் என்பதால். அதை அவிழ்க்க இப்போதைய பிட்டோடு 12 பிட்டுக்கும் 17 பிட்டுக்கும் முந்தையவற்றை மட்டும் எக்ஸார் (XOR) முறையில் சேர்த்தால் போதும். தொடக்க நிலை எதுவானாலும் 17 பிட்டுக்குள் தானாகச் சரியாகிவிடும். அதில் ஒரு விலை உண்டு: வழியில் ஒரு பிட் கெட்டால், அவிழ்த்த பின் மூன்று பிட்டுகள் கெட்டிருக்கும். மாற்றம் வந்தால் 0, வராவிட்டால் 1 என்ற குறிமுறையையும் அவிழ்க்க வேண்டும். இதனால் உங்கள் கருவி அலையைத் தலைகீழாக்கியிருந்தாலும் கவலையில்லை.

அதன் பிறகு 01111110 என்ற எல்லைக் குறியைத் தேடுங்கள். தரவுக்குள் இந்த வடிவம் தற்செயலாக வராதிருக்க, ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து வந்தால் அனுப்புபவர் ஒரு பூச்சியத்தைச் செருகுவார். நீங்கள் அதை நீக்க வேண்டும். ஒவ்வொரு பைட்டும் சிறிய இலக்கப் பிட் முதலில் வரும்படி அமைந்திருக்கும். இறுதியில் 16 பிட் சரிபார்ப்பு எண். அது பொருந்திய கணமே உங்கள் சங்கிலி முழுவதும் சரி என்று பொருள், நடுவில் எதையும் ஐயப்பட வேண்டாம்.

சரிபார்ப்பு பொருந்தியும், அனுப்பும் நிலையத்தின் பெயரான அழைப்புக்குறி புரியாத எழுத்துகளாக வந்தால் பதற வேண்டாம். அமெச்சூர் வானொலியினர் பொட்டலங்களை அமைக்கும் ஏ.எக்ஸ்.25 நெறிமுறையில் அழைப்புக்குறியின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு பிட் இடப்பக்கம் நகர்த்தப்பட்டிருக்கும்; 86 என்ற எண்ணுள்ள ‘வி’ எழுத்து 172 ஆக வரும். எல்லாவற்றையும் இரண்டால் வகுத்துப் பாருங்கள், பெயர் தெரியும். அதைத் தாண்டி உள்ளே இருக்கும் டெலிமெட்ரியில், அதாவது செயற்கைக்கோள் தன் நிலையைப் பற்றி அனுப்பும் அளவுகளில், பலகை வெப்பநிலை 65,531 பாகை என்று காட்டினால் செயற்கைக்கோள் எரியவில்லை: 16 பிட்டில் மைனஸ் 5 ஐக் குறியற்ற எண்ணாகப் படித்துவிட்டீர்கள்.

இதை முடித்த பின் பெரிய விண்வெளி நிறுவனங்கள் தரவுப் பரிமாற்றத்துக்குப் பயன்படுத்தும் சி.சி.எஸ்.டி.எஸ். தரநிலைகளுக்குப் போகலாம். அங்கும் இத்தகைய குழிகள் உண்டு; பொட்டலத் தலைப்பில் உள்ள நீளத்தில் எப்போதும் ஒன்று குறைத்தே எழுதியிருப்பார்கள், தரவு 100 பைட் என்றால் 99.

செயற்கைக்கோள் அலையைக் கேட்பதற்கு உரிமம் வேண்டுமா? என் தந்தை பயப்படுகிறார். — மதுரை

உங்கள் தந்தையின் அச்சத்தில் ஒரு பகுதி நியாயமானது. அனுப்புவதென்றால், கையடக்கப் பெட்டியில் அரை வாட்டாக இருந்தாலும் உரிமம் இல்லாமல் பொத்தானைத் தொடக் கூடாது. அதற்கு மத்திய அரசின் கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவின் கீழ் நடக்கும் அமெச்சூர் நிலைய இயக்குநர் தேர்வை எழுத வேண்டும். அதில் மோர்ஸ் தேவைப்படாத நிலையும் இருக்கிறது. எல்லோருக்குமென ஒலிபரப்பாகும் வானிலைப் படங்கள், அமெச்சூர் அலைகள் இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறருடைய தனித் தகவலை ஒட்டுக் கேட்பது வேறு விஷயம். பாடத்திட்டத்தைப் பார்த்துவிட்டுத் தந்தையையும் தேர்வு எழுதச் சொல்லுங்கள். ஓய்வுபெற்றவர்கள் பலர் எழுதித் தேறியிருக்கிறார்கள்.

எங்கள் கல்லூரியில் சிறு செயற்கைக்கோள் செய்யும் திட்டம் இருக்கிறது. முதலில் தரை நிலையத்தை அமைத்துவிடலாம் என்று சில லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள். எந்த ரோட்டேட்டர், எந்த வானொலிப் பெட்டி வாங்கலாம்? — நாகர்கோவில்

முதலில் நிலையம் என்ற முடிவு சரியானது. உங்கள் மாவட்டத்திலேயே அதற்கு முன்மாதிரி உண்டு: குமாரகோவில் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகத்தின் நியூசாட் 2017 ஜூனில் ஏவப்பட்டது. அதற்கு முன் அண்ணா பல்கலைக்கழகத்தின் அனுசாட் 2009 ஏப்ரலிலும், எஸ்.ஆர்.எம்.சாட் 2011 அக்டோபரிலும், சத்யபாமாசாட் 2016 ஜூனிலும் பறந்தன.

ஆனால் ரோட்டேட்டரை இந்த ஆண்டு வாங்க வேண்டாம். அசையாத ஆன்டெனா ஒன்று, டாங்கிள் ஒன்று, சிறிய கணினி ஒன்று. இவற்றைக் கொண்டு சாட்நாக்ஸ் வலையமைப்பில் ஒரு நிலையமாகச் சேருங்கள். கிரேக்க நாட்டில் தொடங்கி 2014-இல் ஹேக்கடே பரிசு வென்ற இத்திட்டத்தில், உலகெங்கும் உள்ள தன்னார்வ நிலையங்கள் தங்கள் நேரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன; பதிவுகள் யாவும் யாரும் எடுத்துக்கொள்ளும்படி திறந்திருக்கின்றன. ஒரு நாள் உங்கள் செயற்கைக்கோள் ஏவப்படும்போது இதன் அருமை தெரியும். 2017 பிப்ரவரியில் பி.எஸ்.எல்.வி.-சி37 ஒரே ஏவலில் 104 செயற்கைக்கோள்களை விட்டது. அத்தகைய கூட்டத்தில் எது உங்களுடையது என்று முதல் நாட்களில் தெரியாது. அப்போது பல நாடுகளில் பதிவான டாப்ளர் வளைவுகளை, வெளியான ஒவ்வொரு சுற்றுப்பாதையோடும் ஒப்பிட்டுத்தான் அடையாளம் காண்பார்கள். ஒற்றை நிலையம் அதற்குப் போதாது.

கட்டுப்பாட்டறைக்கு நீங்களே புதிதாக மென்பொருள் எழுதவும் வேண்டாம். டெலிமெட்ரியைச் சேமித்து, எல்லை மீறினால் எச்சரித்து, கட்டளைகளை வரிசைப்படுத்தும் யாம்க்ஸ், அளவுகளைத் திரையில் வரைந்து காட்டும் நாசாவின் ஓப்பன் எம்.சி.டி. ஆகியவை கட்டற்றவை. மாணவர்களின் உழைப்பை உங்கள் செயற்கைக்கோளின் பொட்டலங்களை விவரிப்பதில் செலவிடுங்கள்: எந்த பைட்டில் எந்த அளவு, எந்தப் பெருக்கெண்ணால் வோல்ட் ஆகிறது, எந்த எல்லைக்கு மேல் மணி அடிக்க வேண்டும் என்ற அட்டவணை. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை குழு முழுவதும் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடும் இடத்தில், அந்த அட்டவணை எழுத்தில் இல்லாவிட்டால் செயற்கைக்கோள் பேசினாலும் கேட்பதற்கு ஆள் இருக்காது.

மிஞ்சும் பணத்தில் நல்ல கேபிளும் இடிதாங்கியும் வாங்குங்கள். இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் உங்களுடையது. ஆன்டெனா இணைப்புகளை, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பால் கீழிருந்து மேலாகச் சுற்றி, கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு வளைவு தொங்கவிடுங்கள். நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அதை மே மாத இறுதிக்குள் முடித்துவிடுங்கள்.